வெட்டிப் போட்ட காசும் நெஞ்சுக்குள் ஒரு நீர்க்கட்டியும்

எனக்கு வந்தது நெஞ்சுக்குள் ஒரு நீர்க்கட்டி. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். இப்போது கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் மகள் வீட்டு ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் போய்க் கேட்டால் என் நோய்க்கு வேறு பெயர் சொல்வார்கள். கொழுந்தன் மேல் காசு வெட்டிப் போட்டாள், அது அவளையே திருப்பி அடித்துவிட்டது என்பார்கள். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேல்மலையில் எவளாவது இருமிக்கொண்டு, இது எந்தச் சாமியின் கோபமோ என்று வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தால், அவளுக்காகத்தான் எழுதுகிறேன். அதோடு, எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லை.

எங்கள் ஊர் மேல்மலையில், கிளாவரைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். நான் அங்கே அங்கன்வாடி டீச்சர். மற்ற நேரமெல்லாம் பூண்டும் கேரட்டும்தான். எங்கள் காட்டுக்கு மேலே சோலைக்குள் ஒரு ஊற்று இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து அது எங்களுக்கும் கொழுந்தன் தங்கராசுவுக்கும் பொது. ஊற்றிலிருந்து இரண்டு கறுப்பு ஓஸ் பைப், ஒன்று எங்கள் தொட்டிக்கு, ஒன்று அவன் தொட்டிக்கு. போன வருஷம் மழை ஏமாற்றியபோது ஊற்று சுருங்கிவிட்டது. ஒருநாள் தொட்டியில் தண்ணீர் விழவில்லையே என்று மேலே ஏறிப் போனேன். தங்கராசு எங்கள் பைப்பைப் பிடுங்கி ஓரமாக எறிந்துவிட்டு, அது இருந்த இடத்தில் கல்லை வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கேட்டபோது, அண்ணன்தான் சம்மதம் சொன்னார் என்று ஒரே போடாகப் போட்டான். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் முத்தையா, வாயில்லாப் பூச்சி. தாய் தகப்பன் போன பிறகு அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பிதான் தங்கராசு. அவனை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கூட்டம் எழுந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன் என்று நான் கத்தியதை ஒரு ஆள் காதில் வாங்கவில்லை. பாதி வளர்ந்த பூண்டு நின்ற இடத்திலேயே காய்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பக்கம் இப்படி நியாயம் கிடைக்காமல் போனால் ஒரு வழி உண்டு. கருப்பசாமி கோயிலுக்குப் போய், நடந்ததைச் சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி, ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவது. இனி இது உன் வழக்கு, நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். அதன் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. சொன்னது உண்மையானால் அநியாயம் செய்தவனுக்கு அடி விழும். பொய்யானால் வெட்டியவர்களுக்கே விழும். நான் வெட்டினேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், உதறிவிட்டுப் போய் வெட்டினேன். பூசாரி இரண்டு துண்டையும் பொறுக்கிச் சாமியின் காலடியில் போட்டார்.

நாலைந்து மாதத்தில் எனக்கு இருமல் வந்தது. தங்கராசுவோ புது ஜீப் வாங்கினான்.

இருமல் ஒருநாள் போல ஒருநாள் இல்லை. வலது பக்கம் விலாவுக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோயாக இருக்குமோ என்று சளியை வாங்கிப் பார்த்தார்கள். கிருமி இல்லை என்றார்கள். மறுபடி வாங்கிப் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. படம் எடுக்கக் கொடைக்கானல் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. கேரட் அறுவடை ஒரு சாக்கு. உண்மையில் பயம். ஊரில் அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. என் முன்னால் யாரும் சொல்லவில்லை. ஆனால் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்பாமல் இரண்டு வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ராத்திரி சோறு பிசையும்போது என்னைப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார். அவரும் அதையேதான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு அதில் ஒரு குழப்பம். நான் சொன்னது பொய்யில்லை என்று என்னையும் தங்கராசுவையும் தவிர உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் பெரிதாக ஒரு இருமல் வந்தது. வாய் நிறையத் தண்ணீர் வந்தது. சளியில்லை, ரத்தமில்லை, தெளிந்த தண்ணீர், உப்புக் கரித்தது. அதோடு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிப்பெடுத்தது, மூச்சு இழுக்க முடியவில்லை. ஊரில் இருந்த வண்டிகள் எல்லாம் காய்கறி லோடு ஏற்றிப் போயிருந்தன. நின்றது ஒரே ஒரு ஜீப்.

பேச்சுவார்த்தை கூடாது என்ற முறையைப் பார்க்காமல் வீட்டுக்காரர் கேட்கப் போனார். தங்கராசு மறுபேச்சுப் பேசாமல் வந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். பூம்பாறை தாண்டுவதற்குள் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணன் கையில் கொடுத்தான். அவர் என் வாயருகே கொண்டுவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். செத்தாலும் அவன் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்கிற வீம்பு. மூச்சுக்கே வழியில்லாதவளுக்கு வீம்புக்கு மட்டும் எங்கிருந்து பலம் வந்ததோ.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டியதும் தடிப்பு அடங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வலது நுரையீரலின் அடியில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வட்டமாக ஒன்று. அதற்குள் பாதி தண்ணீர், மேலே கொஞ்சம் காற்று. இது காசநோய் இல்லை, புற்றுநோய் மாதிரியும் தெரியவில்லை, ஒரு வகை நீர்க்கட்டி என்று நினைக்கிறேன், அதில் ஒரு ஓட்டை விழுந்துதான் அந்த உப்புத்தண்ணீர் வந்திருக்கிறது என்றாள். வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

மேல்மலையில் நாய் இல்லாத காடு ஏது? பன்றி வந்து பூண்டைக் கிளறாமல் இருக்க மூன்று வைத்திருக்கிறோம். அவள் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஆட்டின் ஈரல், நுரையீரலில் சில சமயம் சின்னச் சின்ன நீர்க்கட்டி இருக்குமாம். அதைப் பச்சையாக நாய் தின்றால், நாயின் வயிற்றில் நூல் துணுக்கு மாதிரி ஒரு புழு வளருமாம். அதன் முட்டை நாயின் மலத்தோடு மண்ணில் விழும். அந்த மண் ஒட்டிய எதையாவது கழுவாமல் நாம் தின்றால், முட்டை நமக்குள் போய் ஈரலிலோ நுரையீரலிலோ உட்கார்ந்து கட்டியாகிவிடும். மனிதரிலிருந்து மனிதருக்கு ஒட்டாது. எனக்கு உடனே என் பழக்கம்தான் ஞாபகம் வந்தது. காட்டில் பசித்தால் ஒரு கேரட்டைப் பிடுங்குவேன், சேலையில் ஒரு துடை, அப்படியே கடி. காட்டில் வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் தின்கிறோம்.

கிடா வெட்டும்போது கழிக்கிற குடல், நுரையீரலை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நாய்க்குத்தான் போடுவோம் என்றார் என் வீட்டுக்காரர். அவள் போன பிறகு அவர் முகம் வெளுத்துவிட்டது. "பாத்தியா, கருப்பசாமி கோயில் கிடாவெட்டுலதான் வந்திருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இருமலே நின்றுவிட்டது. அந்தக் கிடாவை வருஷா வருஷம் ஊரே தின்றது, காசு வெட்டினவள் மட்டும் இல்லை என்றேன்.

கட்டியைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்ததால் முதலில் அதை ஆற்ற மருந்து ஏற்றினார்கள். சரியான பிறகு மதுரைக்குப் போய் சிடி ஸ்கேன், ஆபரேஷன். அதுவரை கட்டி மொத்தமாக உடைந்துவிடக்கூடாது, உடைந்தால் உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுபோகலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாள். அந்தச் சொல் போதுமே. தும்ம பயம், புரள பயம், சிரிக்க பயம். மகள் கவிதா ஒரு ஓட்டலில் வேலை முடிந்ததும் ரசஞ்சாதத்தைத் தூக்குவாளியில் போட்டுச் சால்வையில் சுற்றி எடுத்து வருவாள். ஆறவிடாமல் ஊட்டுவாள். வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். செலவுக்கு அரசாங்க காப்பீட்டு அட்டை இருந்தது, மீதிக்குக் கவிதாவின் வளையல் போனது. அதைப் பற்றி அவள் பேசவே விடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜெயசீலி, ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல்காரி. ஆஸ்துமா. என் வயசுதான், என்னைவிட வாய். நர்ஸ் ஊசி தாமதமாகக் கொண்டுவந்தால் அந்த வார்டே அதிரும்படி கேட்பாள். மாலையில் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு எல்லாக் கட்டிலுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவாள். என் கதை முழுவதையும் இரண்டு நாளில் பிடுங்கிவிட்டாள். ஒரு மாலை, உனக்காக என்ன கேட்கட்டும் என்றாள். நான் பிழைக்க வேண்டும் என்று கேள் என்றேன். அந்தத் தங்கராசுக்கும் சேர்த்துக் கேட்கவா என்றாள். அவன் பெயரை உன் சாமியிடம் எடுத்தால் கட்டிலை மாற்றச் சொல்லிவிடுவேன் என்றேன். சரி சரி என்று கண்ணை மூடினாள். ஜெபத்தின் கடைசியில் உதட்டுக்குள்ளேயே அவன் பெயரையும் சொல்லிவிட்டாள். எனக்குக் கேட்டது. சண்டை போட்டேன். "உன் சாமிகிட்டயா கேட்டேன், என் சாமிகிட்டதானே கேட்டேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தங்கராசு இரண்டு நாளுக்கு ஒருமுறை கொடைக்கானலுக்கு லோடு கொண்டுவந்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்காருவான். உள்ளே வரமாட்டான். அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுப்பான். சாமியே தன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு, தோற்றவளுக்கு இரக்கம் காட்டுவதில் அவனுக்கு என்ன நட்டம்? ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரியும். அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு பற்றி எரியும்.

மதுரைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் வீட்டுக்காரர் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே ஒரு காசு. வெட்டிய காசைத் திருப்பி எடுக்கவும் எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. செய்தவன் தப்பை ஒப்புக்கொள்ளாதபோது எடுப்பதென்றால், வெட்டியவர்களே ஊர் முன்னால், அறியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சாமியிடம் சொல்லி, புதுக் காசு வைத்துப் பழைய காசை எடுக்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் முடிச்சைத் தொட்டுக் கொடுத்தால் போதும், வீட்டு ஆள் போய்ச் செய்யலாம்.

"தொட்டு மட்டும் குடு ஈசு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்ல?"

"ஆனா ஆகட்டும். நீ இருந்தாப் போதும்."

"நான் பாத்தேங்க. உங்களுக்கும் தெரியும்ல?"

அவர் முடிச்சை என் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மனிதர் அழுதுகொண்டு போனார். நான் அவரைத் திட்டவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கை போனது. ஒரு விரலால் தொட்டால் போதும். உயிர் எல்லோருக்கும் வெல்லக்கட்டிதான். ஊர் என்ன சொன்னால் என்ன, மதுரையில் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள், இவ்வளவு பெரிய கத்திக்கு முன்னால் அந்த ஓஸ் பைப் எம்மாத்திரம்? கையை நீட்டுவேன், இழுத்துக்கொள்வேன். மதியம் முழுவதும் இதே சோலிதான்.

கடைசியில் கருப்பசாமியிடம் பேசினேன். பயந்து பயந்து, கொஞ்சம் சண்டையாகவும் பேசினேன். நான் பார்த்ததைத்தான் உன்னிடம் சொன்னேன். நீயும் பார்த்தாய். அதற்காக என்னைக் கொண்டுபோவது உன் இஷ்டம் என்றால் கொண்டுபோ. ஆனால் உன் முன்னாலேயே வந்து பொய் சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொள் என்று மட்டும் என்னிடம் கேட்காதே. நீ அப்படிக் கேட்கிற சாமியாக இருந்தால் நான் உன்னிடம் வழக்கையே கொடுத்திருக்கமாட்டேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் முடிச்சைத் தொடவில்லை. சால்வை நுனியால் பிடித்து வீட்டுக்காரர் பையில் போட்டேன். பிழைத்தால் பழனி முருகன் உண்டியலில் போடலாம் என்று அவர் வந்ததும் சொன்னேன்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். மறுபடியும் அதே ஜீப். ஆம்புலன்ஸ் வர நேரமாகும், வெரசாப் போகணும் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள். பெருமாள்மலையில் நிறுத்தி இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கவிதா எனக்குத் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தாள். ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சுக்குள் அந்தக் கட்டி ஆடுகிற மாதிரியே இருந்தது. பாவிப்பயல், வண்டியை மட்டும் பூப்போல ஓட்டினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து, மூச்சைப் பிடி, விடு என்று ஒரு குரல் மட்டும் வரும். உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கும் தனியாக ஒரு ஸ்கேன். ஈரலிலும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. ஊசி குத்திச் சோதிக்கமாட்டார்களா என்று கவிதா கேட்டதற்கு, இந்தக் கட்டியில் ஊசி குத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து ஆபத்தாகிவிடும் என்றார்கள். அந்த முடிவுகளுக்காகக் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அது ஆபரேஷனைவிடக் கொடுமை. வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், நம் பெயர் வராது. எழுந்து நடப்பேன், கவிதா உட்கார வைப்பாள், மறுபடி எழுந்துவிடுவேன்.

கூப்பிட்டதும் எல்லோருமே உள்ளே போய்விட்டோம். தங்கராசு கதவோரம் நின்றான். ஆபரேஷன் டாக்டர் நரைத்த மனிதர், நிதானம். ஈரலில் ஒன்றும் இல்லை, நுரையீரலில் இது ஒன்றுதான் என்றார். எனக்கு ஒரு கேள்வி நாக்கில் நின்றுகொண்டே இருந்தது. இந்தக் கட்டி எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன்.

"இவ்வளவு பெருசாகணும்னா வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்கணும்மா. சுவரும் தடிச்சிருக்கு. இது நேத்து முந்தாநாள் வந்ததில்ல. இருமல்தான் இப்ப வந்திருக்கு, கட்டி பல வருஷமா உங்களோடதான் இருக்கு."

நான் காசு வெட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறைக்குள் இருந்த நாங்கள் நாலு பேரும் அந்தக் கணக்கைப் போட்டோம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் பாட்டுக்கு ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தங்கராசுவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு விழுந்தது அந்தக் காசின் அடி இல்லையென்றால், அடி இன்னும் விழவே இல்லை. காசு அங்கேயே கிடக்கிறது. அவனுக்கு அது புரிந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் பொங்கியது. மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அது வார்டுக்குத் திரும்புகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. கட்டி தண்டனை இல்லை என்றால், சாமி இன்னும் என் வழக்கை எடுக்கவே இல்லை என்றல்லவா ஆகிறது? இத்தனை நாளும் கோபமாகவாவது ஒரு பதில் வந்தது என்று இருந்தேன். இப்போது பதிலே இல்லை. நாளைக்கு மேசையில் படுக்கும்போது கோபக்கார சாமியும் இல்லாமல், நான் தனியாகப் படுக்க வேண்டும். அது வேறு மாதிரி பயம்.

அப்போதுதான் வார்டுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. கிளம்புகிறேன், லோடு கிடக்கு என்று தங்கராசு சொன்னான். என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் உனக்குச் சம்மதம் சொல்லலையேப்பா."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமே இல்லை, ஏதோ தொலைந்துபோன சாமானைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் நான் உளியைத் தொட்டிருக்கமாட்டேன். தங்கராசு கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். விலாவில் வலிக்க வலிக்க அழுதேன். பதிலே வரவில்லை என்று சற்று முன்புதான் சாமி மேல் குறைப்பட்டிருந்தேன்.

ஆபரேஷன் நடந்தது எனக்கு ஒன்றும் தெரியாது. கையில் ஊசி ஏறியதும் கருப்பா, நீ பார்த்துக்கொள் என்று சொன்னது மட்டும் ஞாபகம். வலது கைக்குக் கீழே, முதுகு வரை, இரண்டு விலா எலும்புக்கு நடுவில் கீறிக் கட்டியை எடுத்திருக்கிறார்கள். கண் விழித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு குழாய் போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர் பாட்டிலில் முடிந்தது. நுரையீரலைச் சுற்றித் தங்கும் காற்றும் நீரும் அது வழியாக வெளியே வரும், காற்று திரும்ப உள்ளே போகாமல் அந்தத் தண்ணீர் தடுக்கும். நான் இருமினால் பாட்டிலில் குமிழி வரும். வீட்டுக்காரர் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். குழாயில் வாய் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே போக வேண்டும். அமுங்கிப்போன நுரையீரல் விரிவதற்கு. முதலில் ஒரு பந்துகூட அசையவில்லை. கவிதா ஏம்மா, ஊரையே வாயால ஊதித் தள்ளுவ, இதை ஏத்த முடியலையா என்று கேலி செய்தாள். சிரிப்பு வந்தது. தையல் பிய்ந்துவிடும் போல வலித்தது. சிரித்து மூச்சை இழுத்ததில் ஒரு பந்து ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போகும்போது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தால் பூச்சி மாத்திரை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு நான் என் கையாலேயே கொடுத்த அதே மாத்திரை. மறுபடி கட்டி வராமல் இருக்க மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுநடுவே ஈரலுக்கு ரத்தச் சோதனை. நாய்களுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும், குடலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடக்கூடாது. இதை ஊரில் போய்ச் சொன்னால் கேட்பார்களா தெரியாது. சொல்லத்தான் போகிறேன்.

ஆபரேஷன் நாட்களில் தங்கராசு மதுரைப் பக்கமே வரவில்லை. ஒரு வாடகைக் காரில் அட்டுவம்பட்டிக்கு வந்து சேர்ந்தோம். மேல்மலைக் குளிரும் தூசியும் இப்போதைக்கு ஆகாது என்று மகள் இங்கேயே நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் காட்டைப் பார்க்க ஊருக்குப் போனார். நான் ஜன்னலோரம் மூன்று பந்தோடு உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு காலையில் ஜீப் வந்து நின்றது. தங்கராசு உள்ளே வந்து நின்றான். ஆள் இளைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காசு கிடக்கிற வரை எங்கள் வீட்டுத் தண்ணீர்கூட அவனுக்கு ஆகாது என்பதை மறந்து கவிதா டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மதினி, அந்தக் காசை எடுத்துருங்க."

"பைப்பைத் திருப்பி மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன் மதினி. இன்னைக்கு வெள்ளனே ஏறிப் போயி மாட்டிட்டுத்தான் வாரேன்."

"ஊருக்குள்ள சொன்னதத் திருப்பிட்டியா?"

டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தான். பிறகு, "பயமா இருக்கு மதினி. வளைவுல திரும்பறப்ப கை நடுங்குது. லோடு ஏத்தவே முடியல" என்றான். பிள்ளைகள் இரண்டு இருக்கிறது என்றான். எனக்குத் தெரியாதா, இரண்டும் என் அங்கன்வாடியில் படித்தவை.

இந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். அவன் நடுங்க வேண்டும், நான் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஆனால் அந்த நடுக்கம் எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. அந்த மஞ்சள் முடிச்சுக்குக் கையை நீட்டி நீட்டி இழுத்தேனே, அதே நடுக்கம்தான். பயத்தில் இவன் பைப்பை மாட்டியிருக்கிறான். பயத்தில் நானும் பொய் சொல்லப் பார்த்தேன்.

"நான் உண்மையச் சொன்னேன் தங்கராசு. அதத் திருப்பி எடுக்கமாட்டேன். எடுத்தா நான் சொன்னது பொய்யின்னு ஊரு நெலைக்க வச்சிரும். நீ கூட்டத்துல போயி நடந்ததச் சொல்லு. சொன்ன அன்னைக்கு உன் ஜீப்புலயே ஏறி வந்து காசை எடுத்துர்றேன். அதுக்கு முன்னால உன்னைய அடின்னு நான் இனிமே சாமிகிட்ட கேக்கமாட்டேன். அது மட்டும் என்னால சொல்ல முடியும்."

யோசிக்கிறேன் மதினி என்றான். டீயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனான். ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

இன்னும் அவன் கூட்டத்தில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் டீக்கடையில் நாலு பேரிடம் தம்பிக்குத் தான் சம்மதம் சொல்லவில்லை என்று தானாகச் சொன்னாராம், போனில் சொன்னார். தொட்டியில் தண்ணீர் விழுகிறதாம், அடுத்த போகத்துக்குப் பூண்டு போடலாமாம். ஆனால் பாதி ஊர் இன்னும் என்னைத்தான் சொல்கிறது. பொறுத்திருக்க வேண்டும். பொறுப்பது எனக்கு வராத தொழில்.

இந்த வீட்டு ஜன்னலிலிருந்து ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் கேட்கும். அவன் ஜீப்பின் ஆரன் எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் மலையெல்லாம் பனி இறங்கி எதிரே வருவது தெரியாத மத்தியானத்தில் அது கீழ்நோக்கிப் போனது. இந்தப் பனியில் எங்காவது உருண்டுவிட்டால்? ஊர் உடனே காசு அடித்துவிட்டது என்று சொல்லும். என் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அவன் வாயால் வர வேண்டிய உண்மை அந்தப் பள்ளத்தோடு போய்விடும். அந்த இரண்டு பிள்ளைகள் முகத்தில் நாளைக்கு நான் எப்படி விழிப்பேன்? பனி வளைவில் வருவதை எல்லாம் சாமியின் தீர்ப்பு என்று நம்பிக்கொண்டிருந்தால், நான் இந்தக் கட்டியிலிருந்து கற்றுக்கொண்டது என்ன?

அவன் போனவன் திரும்புகிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றினேன், எழுந்து நடந்தேன், வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கடைசியில் உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டு, கருப்பா, அவன் பத்திரமாக வந்து சேரட்டும் என்று கேட்டேன். ஜெயசீலி கேட்டிருந்தால் கட்டிலிலிருந்து எழுந்து கைதட்டியிருப்பாள். இருட்டுவதற்குள் ஆரன் சத்தம் மேல்நோக்கிப் போனது. அன்றிலிருந்து தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.